ஒரு திகில் நாவலும் எட்டு வாசகர்களும்

தமிழ் இலக்கியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறோம். திருக்குறள், சிலப்பதிகாரம், பாரதியார், மு. வரதராசனார் என்று ஒரு வரிசை நினைவுக்கு வருகிறது. எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குக் கதைப்பின்னல், பாத்திரப்படைப்பு, படிப்பினை என்று விடை எழுதிய ஞாபகமும் கூடவே வரும். இந்த வரிசையில் பேய்க்கதைக்கு இடம் உண்டா? 'இல்லை' என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பேருந்துப் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டிய பொருள் அது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது.

இந்த எண்ணம் சரிதானா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்தவன். இப்பொழுது பொறியியல் மாணவன். தமிழில் பட்டம் பெறப்போகிறவன் அல்லன். ஆகவே, திறனாய்வாளர் என்ற தகுதியோடு இங்கு நிற்கவில்லை. வாசகன் என்ற தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

கடந்த பருவத்தில் எங்கள் விடுதியில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினோம். முதல் நூலாக எதை எடுப்பது என்று அரைமணி நேரம் வாக்குவாதம். வரலாற்று நாவல் என்றால் ஐந்து பாகம்; யாருக்கு நேரம்? சமூக நாவல் என்றால், "மறுபடியும் இலக்கியப் பாடமா?" என்று ஓர் அக்கா சலித்துக்கொண்டார். இறுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' முடிவாயிற்று. அந்த நாவலைப் பற்றி எட்டுப் பேரும் சொன்ன கருத்துகளும் அவற்றைப் பற்றிய என் கருத்துமே இனி வருபவை.

நாவலும் ஆசிரியரும்

இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்தவர். 2024 நவம்பர் 10-ஆம் நாள் காலமானார். சித்தர்கள், கோயில் மர்மங்கள், மறுபிறவி, காவல் தெய்வங்கள் ஆகியவற்றை வைத்து நூற்றுக்கணக்கான கதைகள் எழுதியவர். அவருடைய கதைகள் 1990-களில் சன் தொலைக்காட்சியில் 'மர்மதேசம்' என்ற வரிசையாக வந்தபோது, தமிழ்நாட்டில் அந்நேரத்தில் தெருவே அடங்கிவிடும் என்று என் மாமா ஒருவர் இன்றும் சொல்வார். இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கினார். 'விட்டு விடு கருப்பா' நாவலே அந்த வரிசையில் 'விடாது கருப்பு' என்ற தொடர் ஆயிற்று. நான் பிறக்கும் முன்பே ஒளிபரப்பாகி முடிந்த அந்தத் தொடரை இன்று யூடியூப்பில் பார்க்கலாம்.

கதையின் களம் தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூர். ஊர்க் காவல் தெய்வம் கருப்பு. தவறு செய்தவனைக் கருப்பு சும்மா விடாது என்பது ஊரார் நம்பிக்கை. இரவில் குதிரையின் குளம்படிச் சத்தம். விடிந்தால் ஒரு துர்மரணம். அது கருப்பின் தீர்ப்பா, மனிதனின் சூழ்ச்சியா, மனநோயின் விளைவா என்பதுதான் நாவல் கேட்கும் கேள்வி. முடிவை இங்கே போட்டு உடைக்க மாட்டேன். பிளவாளுமை என்னும் உளவியல் சிக்கல் இக்கதையில் பெரும்பங்கு வகிக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கருப்பு கற்பனைத் தெய்வமன்று. மதுரையை அடுத்த அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பரின் கதவுக்கு முன் நின்று சத்தியம் செய்து வழக்குத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்ற அச்சமே அங்கு நீதிமன்றம். மதுரையில் வாழ்ந்த ஓர் எழுத்தாளருக்கு இந்தக் கரு கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்திருக்கிறது.

எட்டுப் பேர், எட்டுக் கருத்து

முதலில் பேசிய நண்பருக்கு நாவல் பிடிக்கவில்லை. "பயமே வரலை. நம்ம ஊரு போந்தியானாக் கதையில பாதி கூட இல்ல," என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கும் அளவுக்குப் பயங்கரக் காட்சிகளைத் திரைப்படங்கள் காட்டிவிட்ட பிறகு, எழுத்தில் வரும் குளம்படிச் சத்தம் எம்மாத்திரம்?

இரண்டாமவருக்கு நேர்மாறான அனுபவம். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குப் போகத் துணைக்கு ஆள் எழுப்பியதாக அவருடைய அறைத்தோழியே சாட்சி சொன்னார். மூன்றாமவர் மொழியைக் குறை கூறினார். ஒரே வாக்கியத்தில் மூன்று வியப்புக்குறி எதற்கு? அத்தியாயத்துக்கு அத்தியாயம் 'திடுக்கிட்டான்' எதற்கு? வாரந்தோறும் தொடராக எழுதிப் பழகிய எழுத்தாளர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். அடுத்த வாரமும் வாசகனைக் காசு கொடுத்து வாங்க வைக்க வேண்டுமே!

நான்காமவர் தம் வீட்டில் இந்நூலைப் பார்த்த தந்தை, "படிக்க வேற புத்தகமே கெடைக்கலையா?" என்று கேட்டதைச் சொன்னார். ஐந்தாமவர் ஒருபடி மேலே போனார். இப்படிப்பட்ட கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் படிக்கத் தகுந்தவை அல்ல என்றார். ஆறாமவர் முடிவைப் படித்து ஏமாந்ததாகச் சொன்னார். அத்தனை பெரிய தெய்வத்தை உருவாக்கிவிட்டு மருத்துவ விளக்கம் எதற்கு என்பது அவர் வருத்தம்.

ஏழாமவர் சொன்னதுதான் என் மனத்தில் தங்கியது. எஸ்.பி.எம். முடித்த பிறகு தமிழில் ஒரு நூல்கூடத் திறக்காதவர் அவர். முதல் இரவில் பத்துப் பக்கம் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். மூன்றாம் இரவில் மிச்சத்தை ஒரே மூச்சில் முடித்திருக்கிறார். "எப்ப வேகம் வந்துச்சுன்னே தெரியலை. அடுத்தது என்னன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்," என்றார். பிறகு கேட்டார்: "இவரோட வேற புக் இருக்கா?"

தமிழ் வாசிப்புக் குறைந்துவிட்டது என்று ஒவ்வொரு விழா மேடையிலும் கேட்கிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்த ஒரு மாணவர், இடைநிலைப்பள்ளியில் வாரத்தில் சில பாடவேளை மட்டும் தமிழைத் தொட்டு, பல்கலைக்கழகத்தில் அதையும் விட்டுவிடுகிறார். எழுத்துகள் மறப்பதில்லை, வேகம் மறந்துவிடுகிறது. வேகம் போனால் சுவை போகும். சுவை போனால் நூலைத் திறக்கும் ஆசையே போய்விடும். இந்தப் பூட்டைத் திறக்க எந்தச் சாவி பொருந்துகிறதோ, அதை இழிவாகப் பேச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எட்டாவது கருத்து என்னுடையது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடநம்பிக்கை வளருமா?

ஐந்தாமவரின் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. நம் சமுதாயத்தில் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். 'உன் மகளுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லி ஏழைக் குடும்பத்தின் சேமிப்பைக் கறப்பவர்களை நாம் எல்லோருமே கேள்விப்பட்டிருக்கிறோம். மனநலச் சிகிச்சை தேவைப்படுபவரை மந்திரித்துக் கயிறு கட்டி வீட்டிலேயே வைத்திருக்கும் கொடுமையும் நடக்கிறது. இந்நிலையில் பேய்க்கதை எதற்கு என்று கேட்பதில் அக்கறை இருக்கிறது.

ஆனால், அந்த நாவல் உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு மரணம் நடந்தவுடன் ஊர் முழுவதும் 'கருப்பு அடித்துவிட்டது' என்று கையெடுத்துக் கும்பிடுகிறது. அத்தோடு கதை முடிந்திருந்தால் அது மூடநம்பிக்கைதான். ஆனால், அங்கேதான் கதை தொடங்குகிறது. இந்த மரணத்தால் யாருக்கு ஆதாயம்? இரவில் யார் எங்கே இருந்தார்கள்? நம்பிக்கையை முகமூடியாகப் போட்டுக்கொண்டு ஒளிபவர் யார்? மர்மக் கதையின் விதியே சந்தேகப்படுவதுதான். செய்வினை என்று மிரட்டுபவன் கேள்வி கேட்காதே என்கிறான். இந்நாவலோ பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்கச் சொல்கிறது.

மேலும், பேயைப் பாடியதால் தமிழ் கெட்டுப்போகவில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் 'பேய்' என்றே தம் பாடல்களில் குறிப்பிட்டார். கலிங்கத்துப்பரணியில் சயங்கொண்டார் பேய்களைப் பாடவே ஒரு பகுதியை ஒதுக்கினார். போரின் கதையைக் காளிக்குச் சொல்வதும் ஒரு பேய்தான். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943-இல் வந்தது. வீட்டு வேலைக்கு வந்தவள் மனுஷியா, வேறு ஏதாவதா என்று இறுதிவரை உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிட்ட அந்தக் கதையைத் தமிழின் சிறந்த சிறுகதைகளுள் ஒன்றாகப் போற்றுகிறோம். புதுமைப்பித்தன் எழுதினால் இலக்கியம், இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினால் குப்பை என்று படிக்காமலே முத்திரை குத்துவது நியாயமா? தர வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. தரத்தைப் படித்த பிறகல்லவா பேச வேண்டும்?

சிற்றூரும் அச்சமும்

திகில் நாவலுக்குப் பெரும்பாலும் சிற்றூரே களமாக அமைவது ஏன்? ஆங்கிலத்தில் ஸ்டீபன் கிங் எழுதிய 'சேலம்ஸ் லாட்' 1975-இல் வெளிவந்தது. (நம் சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஜெருசலேம்ஸ் லாட் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம் அது.) அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஒரு சிறு நகரம். இளமையில் அங்கே வாழ்ந்த எழுத்தாளர் ஒருவர் திரும்பி வருகிறார். மேட்டில் ஒரு பாழடைந்த வீடு. புதிதாக வந்து குடியேறும் வியாபாரிக்குப் பின்னால் இருப்பது இரத்தம் குடிக்கும் பேய். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் இலண்டனுக்கு அழைத்து வந்த டிராகுலாவை, கிங் ஒரு குக்கிராமத்து மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் கொண்டுவந்து விட்டார்.

அந்த நாவலில் என்னை உலுக்கியது பேயின் பல் இல்லை. ஊர் காலியாகும் விதம்தான். ஒரு நாள் ஒருவர் வேலைக்கு வரவில்லை. மறுநாள் ஒரு கடை திறக்கவில்லை. ஒவ்வொரு வீடாகத் திரைச்சீலை மூடப்படுகிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், ஊரே இல்லாமல் போகும்வரை எவரும் உரக்கப் பேசவில்லை. சிற்றூரில் இரகசியம் தங்காது என்பார்கள். தெரிந்த இரகசியத்தைத் தெரியாததுபோல் நடிப்பதும் சிற்றூரின் இயல்புதானே! தோட்டக்காரமங்கலமும் அப்படித்தான். ஊரே ஒன்றை அறிந்திருக்கிறது. ஊரே அதை மென்று விழுங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்கு மேய்ன் மாநிலமோ மதுரையோ கண்முன் வரவில்லை. ஜொகூரின் தோட்டங்கள்தான் வந்தன.

நம் தோட்டத்து முனி

ஜொகூரில் வளர்ந்த நம்மவருள் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு தோட்டம் பூர்வீகமாக இருக்கும். குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், சிகாமட், கோத்தா திங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் பால்மரமும் பிறகு செம்பனையும் நின்ற நிலம். அங்கே லயம் இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது. தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடியில் சூலமும் கல்லுமாக முனியாண்டியோ மதுரை வீரனோ சங்கிலிக் கருப்பரோ இருந்தார். கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர்க் காவல் தெய்வங்களையும் கூடவே அழைத்து வந்திருந்தார்கள்.

அந்தத் தெய்வங்களைச் சுற்றிக் கதைகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றை எங்கள் வட்டத்தில் நால்வர் நான்கு வெவ்வேறு தோட்டத்துக் கதையாகச் சொன்னார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் முனியின் மரத்தை வெட்டச் சொல்கிறார். வெட்டப் போனவன் இரத்தம் கக்குகிறான். துரைக்கும் காய்ச்சல் கண்டு, எந்த மருத்துவத்துக்கும் கேட்காமல் படுத்துவிடுகிறார். ஒரு கங்காணியோ கிராணியோ நடந்ததை எடுத்துச் சொல்ல, துரை தம் செலவிலேயே கோயில் கட்டிக் கொடுக்கிறார். பெயரும் இடமும் மாறுகின்றன, கதை மாறுவதில்லை.

நான்கு தோட்டத்திலும் ஒரே காய்ச்சல் வந்திருக்குமா? வந்திருக்காது. பிறகு ஏன் எல்லாத் தோட்டத்திலும் ஒரே கதை? என் கருத்து இதுதான்: பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் வரிசையில் நின்ற அந்த மனிதர்களுக்குத் துரையை எதிர்த்துப் பேச வழியில்லை, வழக்குப் போடத் தெரியாது, வேலை போனால் வீடும் போகும். துரையைவிடப் பெரியவர் ஒருவர் மரத்தடியில் இருக்கிறார், அவருக்குத் துரையும் கட்டுப்பட்டவர்தான் என்று இரவில் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே நீதிமன்றம் அந்தக் கதை. இதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால், நம் பாட்டன்மார் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட விதத்தையே ஒதுக்கிவிடுகிறோம்.

அந்தத் தோட்டங்கள் இன்று எங்கே? 1950-களின் நடுவில் தொடங்கிய தோட்டத் துண்டாடலால் முதலில் பலர் வெளியேறினர். அந்நிலை கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பின்னர் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, வீடமைப்புத் திட்டம் என்று நிலம் கைமாறியது. 2006-இல் இஸ்கந்தார் மேம்பாட்டு மண்டலம் அறிவிக்கப்பட்ட பிறகு தென் ஜொகூரின் முகமே மாறிவிட்டது. ஒரு குடும்பம் போயிற்று. மறுமாதம் இன்னொரு குடும்பம். ஒவ்வொரு லயமாக விளக்கு அணைந்தது. 'சேலம்ஸ் லாட்' கதையில் ஊரைக் காலி செய்ய ஒரு பேய் வேண்டியிருந்தது. நமக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

வட்டத்தில் ஒரு தம்பி சொன்ன செய்தியை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவருடைய தாத்தா தோட்டத்து முனிக்குப் பூசை செய்தவர். நிலம் விற்கப்பட்டபோது, சூலத்தையும் கல்லையும் பெயர்த்துத் தாமானில் ஒரு சிறு இடத்தில் வைத்தார்களாம். தாத்தா மட்டும் அங்கே போக மறுத்துவிட்டார். "சாமி வரலைன்னு சொல்லிருச்சு. நாம கல்லத்தான் தூக்கிட்டு வந்திருக்கோம்," என்றாராம். இதைவிடப் பெரிய திகில் கதையை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

நம் பேய்கள் எந்த மொழியில் பேசுகின்றன?

இந்நாட்டில் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. 1980-களில் தாமார் ஜாலிஸ் எழுதிய 'பெர்சாக்காப் டெங்ஙான் ஜின்' வரிசையை மலாய் வாசகர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். பேரன் தன் தாத்தாவுடன் ஊர் ஊராகப் போய்க் கண்டதைச் சொல்லும் கதைகள் அவை. 2011-இல் தொடங்கிய பூக்கு பிக்ஸி பதிப்பகம் திகிலும் குற்றமும் கலந்த மலாய் நாவல்களை இளைஞர் கையில் கொண்டு சேர்த்தது. அக்கரைச் சிங்கப்பூரில் 1989 முதல் ரஸல் லீ என்ற பெயரில் வரும் உண்மைப் பேய்க்கதைத் தொகுப்புகள் ஜொகூர் பாருவில் படித்த பிள்ளைகளின் புத்தகப் பைகளிலும் இருந்தன. திரையுலகிலும் அப்படித்தான். 1957-இல் வந்த 'போந்தியானா' படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். மரியா மெனாடோ நடித்த அந்தப் படத்திலிருந்து 2016-இன் 'முனாபிக்' வரை மலாய்த் திகில் படத்துக்கு ஒரு வரிசை உண்டு.

நம் நிலை என்ன? நம் பிள்ளைகள் போந்தியானாவை மலாயில் அறிவார்கள். டிராகுலாவை ஆங்கிலத்தில் அறிவார்கள். கருப்பைத் தமிழ்நாட்டுத் தொடரில் அறிவார்கள். தோட்டத்து முனியைப் பாட்டி சொன்னால்தான் உண்டு. பாட்டிக்குப் பிறகு? மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் தோட்ட வாழ்வை நிறையவே எழுதியிருக்கிறார்கள்; வறுமை, சுரண்டல், குடி, காதல் எல்லாம் பதிவாகியுள்ளன. அந்த வாழ்வின் இரவுப் பக்கம், அதாவது அச்சமும் காவலும் கலந்த பக்கம், இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது ஒரு வாசகனாக என் ஆதங்கம்.

எழுத முயன்ற ஒரு நாவலுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' 2019-இல் வெளிவந்தது. கெடாவின் லுனாஸ் என்ற சிற்றூரின் பின்னணியில், நச்சுச் சாராயம் பலி கொண்ட உயிர்களையும் பேய்ச்சி என்னும் நாட்டார் தெய்வத்தையும் கொண்டு எழுதப்பட்ட நாவல் அது. அதிலுள்ள கொச்சை மொழி முகம் சுளிக்க வைக்கிறது என்று சிலரும், அந்த மக்களின் மொழி அதுதான் என்று சிலரும் கடுமையாகவே மோதிக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு 1984-ஆம் ஆண்டு அச்சகம், வெளியீடுகள் சட்டத்தின் கீழ் அந்நாவலைத் தடை செய்தது.

நாவலின் தரத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற நான் இங்கு வரவில்லை. ஆனால், நம் சமுதாயத்தில் நூலைப் பற்றிப் பேசியவர்களின் எண்ணிக்கை அதைப் படித்தவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தது என்ற எண்ணம் எனக்கு அழுத்தமாக உண்டு. படித்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று சொல்வது வாசகனின் உரிமை. படிக்காமலே 'கூடாது' என்று சொல்லும் குரல் பெருகினால், அடுத்து எழுத நினைக்கும் இளைஞன் பேனாவை மூடி வைத்துவிடுவான். அவனுக்குப் பேயைவிட நம்மைக் கண்டுதான் பயம் வரும்.

என் கருத்து

இனி எட்டாவது கருத்து. 'விட்டு விடு கருப்பா' எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு குறையோடு பிடித்தது. அந்த நாவலில் தவறு செய்தவன் எப்படியாவது தண்டனை பெற்றுவிடுகிறான். படிக்கும்போது மனத்துக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் தோட்டங்களில் சம்பளத்தை அமுக்கியவர்களையும் வீட்டைக் காலி செய்ய வைத்தவர்களையும் எந்தக் கருப்பும் குதிரையேறி வந்து தண்டித்ததாகத் தெரியவில்லை. துரைக்குக் காய்ச்சல் வந்தது கதையில்; நிலம் கைமாறியது நிஜத்தில். சாமி பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதல் ஒரு தலைமுறையைத் தாங்கியது. அதே ஆறுதல் அடுத்த தலைமுறையைக் கையைக் கட்டி உட்காரவும் வைத்திருக்கலாம். இந்தக் கேள்வியை எழுப்பும் ஒரு திகில் நாவல் நமக்கு வேண்டும். அதைத் தமிழ்நாட்டு எழுத்தாளர் எழுதித் தர மாட்டார். நாம்தான் எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன் சேகரிக்க வேண்டும். நம் மொழிக் கழகத்துக்கு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறேன். முதலாவது, வாசிப்பு வட்டத்தை ஆண்டு முழுதும் நடத்துவோம்; முதல் நூல் எளிதாக, விறுவிறுப்பாக இருக்கட்டும். படித்தவர் திட்டினாலும் பரவாயில்லை, படித்துவிட்டுத் திட்டட்டும். இரண்டாவது, விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தாத்தா பாட்டியிடம் ஒரே ஒரு தோட்டத்துக் கதையைக் கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து வரலாம். தோட்டத்தின் பெயர், தெய்வத்தின் பெயர், சொன்னவர் எங்கே கேட்டார் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டால் போதும். மூன்றாவது, சிறுகதைப் போட்டியில் திகில் கதைக்கென ஒரு பிரிவு வைப்போம். கட்டுரைக்கும் கவிதைக்கும் கைதூக்காதவர்கள் இதற்குத் தூக்குவார்கள் என்பதற்கு எங்கள் வட்டத்தின் ஏழாமவரே சான்று.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் பிறந்து, லயத்து வாசலில் கதை கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறை உங்களுள் பலர்தாம். எங்களில் பெரும்பாலோர் தாமான் பிள்ளைகள். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிய வழியில்லை. உங்கள் தோட்டத்து மரத்தடியில் யார் இருந்தார் என்று எழுதி அனுப்புங்கள். வியப்புக்குறி எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்!

ஏழாமவர் இப்பொழுது ஆறாவது நாவலில் இருக்கிறார். அதில் பேய் இல்லையாம். "இருந்தாலும் பரவாயில்லை, நல்லாத்தான் போகுது," என்கிறார்.